லட்டுக்கு அப்பால்: சித்தூர்ச் சீமையின் சந்தையும் சாப்பாடும்

திருமலைக்குச் சென்று திரும்புவோர் கையில் லட்டு இருக்கும். சித்தூர்ச் சீமையின் உணவோ அவர்களுள் பலரது நாவில் பட்டிருக்காது. 2009-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற அந்த லட்டு, கோயிலின் உணவு. மண்ணின் உணவை அறிய விரும்புவோர் சந்தைக்குத்தான் செல்ல வேண்டும்.

ஸ்பெயின் நாட்டின் கட்டலோனியப் பகுதியிலும் இதுவே வழக்கம். பார்சிலோனா நகரின் 'லா பொக்கேரியா' சந்தைக்குள்ளேயே சிறு தட்டுகளில் உணவு பரிமாறும் கடைகள் உள்ளன. ரொட்டியில் பழுத்த தக்காளியைத் தேய்த்து, எண்ணெயும் உப்பும் சேர்த்து உண்பது அம்மக்களின் அன்றாட வழக்கம். சித்தூர்ச் சீமையிலும் தக்காளிக்குத் தனியிடம் உண்டு. பழைய சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்த மதனப்பள்ளி, ஏறத்தாழ 700 மீட்டர் உயரத்தில் அமைந்த ஊர். அதன் தக்காளிச் சந்தை நாடறிந்தது. 2023 ஜூலையில் அங்கு ஒரு கிலோ 150 ரூபாயையும் கடந்தது. வரத்து மிகுந்த காலங்களிலோ பறிகூலிக்கும் கட்டாமல் பழம் வயலிலேயே விடப்படுவதுண்டு.

மழையை நம்பிய நிலத்தில் விளைபவை கேழ்வரகும் வேர்க்கடலையும். கேழ்வரகும் அரிசியும் சேர்ந்ததே இப்பகுதியின் முதன்மை உணவான ராகி சங்கடி. அரிசியைக் குழைய வேகவைத்து, அதன்மேல் கேழ்வரகு மாவைக் கொட்டி மூடிவைப்பர். மாவு வெந்ததும் துடுப்பால் கட்டியின்றிக் கிளறி, கையை நனைத்துக்கொண்டு உருண்டைகளாகப் பிடிப்பர். வட ஆர்க்காட்டுக் களியை அறிந்தோர்க்கு இது புதிதன்று. உருண்டையின் நடுவே குழித்து நெய்யிட்டு, வேர்க்கடலைத் துவையலுடனோ, கீரைக் கடையலுடனோ, நாட்டுக்கோழிப் புளுசுடனோ உண்பர். மெல்லுதல் கூடாது, குழம்பில் தோய்த்து அப்படியே விழுங்க வேண்டும் என்பார்கள். புதியவர்க்கு முதல் இரண்டு கவளம் சற்றுக் கடினமே.

மாலை வேளைகளில் தள்ளுவண்டிகளில் மிளகாய் பஜ்ஜியும், நம் குழிப்பணியாரத்தை ஒத்த 'குண்ட பொங்கனாலு'வும் கிடைக்கும். அவற்றுக்கும் துணை வேர்க்கடலைச் சட்டினியே.

மாம்பழத்தின் கதை வேறு. இங்கு மிகுதியாக விளையும் தோத்தாபுரி, தமிழகத்தில் கிளிமூக்கு மாங்காய் எனப்படுவது. உப்பும் மிளகாய்த்தூளும் தூவிய கீற்றுகளைத் தெருவில் விரும்பி உண்போம். ஆயினும் விளைச்சலின் பெரும்பகுதி செல்வது கூழ் ஆலைகளுக்கே. பழச்சாறு நிறுவனங்கள் வாங்குவதும் கப்பலேறுவதும் அந்தக் கூழ்தான். ஆலைகளின் கையிருப்பு தேங்கினால் தோட்டத்துக் காய்க்கும் கேட்பாரில்லை. 2025-ஆம் ஆண்டில் அவ்வாறே நேர்ந்தது. கிலோவுக்கு ஆலைகள் 8 ரூபாய் தர வேண்டும், அரசு 4 ரூபாய் சேர்க்கும் என ஆந்திர அரசு அறிவித்தது. விளைந்த காய் மரத்தில் காத்திராது. விலை பேசி முடியும்வரை நிறுத்திவைக்கவும் இயலாது. ஆகவே ஆலை வாயிலில் பாரமேற்றிய வண்டிகள் நாள்கணக்கில் வரிசையில் நின்றன.

ஜூன், ஜூலை மாதங்களில் திருப்பதி செல்வோர், சித்தூர்ச் சாலை வழியே சென்றால் அவ்வண்டிகளைக் காணலாம். வழியில் ஓர் உணவகத்தில் சங்கடி கேட்டுப் பாருங்கள். மதிய வேளையில் சென்றால் சூடாகவே கிடைக்கும்.