காலந்தாழ்த்துச் சென்ற மணநாட் பயணம்

மணம் புரிந்த நாளை ஆண்டுதோறும் நினைவுகூர்ந்து கொண்டாடும் வழக்கம் நம்மிடையே அண்மைக் காலத்தில் வேரூன்றியதாகும். வெள்ளி விழா, பொன் விழா என்னும் பெயர்களும், மணமக்கள் தனித்துச் செல்லும் தேனிலவு என்னும் பயணமும் மேலைநாட்டாரிடமிருந்து நம்மை வந்தடைந்தவை. 'இதெல்லாம் நமக்கு எதற்கு?' என்று கேட்கும் பெரியோர் இன்றும் உளர். அவர்கள் கேள்வியில் நியாயமில்லை என்று சொல்வதற்கில்லை. ஆயினும் நீண்டகாலம் இல்லறம் நடத்திய தம்பதியர், உரிய நாள் கடந்து பல ஆண்டுகள் சென்றபின் மேற்கொள்ளும் மணநாட் பயணத்துக்கு ஒரு தனிப்பொருள் உண்டு. அதனைப் பற்றியே இன்று சில சொல்ல விரும்புகிறேன்.

நம் முன்னோர் இல்வாழ்வின் நீட்சியை வேறோர் அளவுகோல் கொண்டு அளந்தனர். வியாழன் வான்மண்டலத்தை ஒருமுறை சுற்றிவரப் பன்னிரண்டு ஆண்டுகளும், சனி சுற்றிவர முப்பது ஆண்டுகளும் ஏறத்தாழ ஆகின்றன. ஒருவன் பிறந்தபோது அவ்விரு கோள்களும் நின்ற இடத்துக்கு அவை மீண்டும் ஒருங்கே வந்து சேர 60 ஆண்டுகள் வேண்டும். அதுவே மணிவிழா என வழங்கும் சஷ்டியப்த பூர்த்தி. இனி, பிறை சுற்றிவரும் காலம் இருபத்தொன்பதரை நாள். ஆயிரம் பிறை காண 80 ஆண்டும் ஏறக்குறைய 10 மாதமும் செல்லும். அது சதாபிஷேகம். இவ்விழாக்களில் முதிய கணவர் தம் மனைவிக்கு மீண்டும் தாலி கட்டுகிறார். சோழநாட்டுத் திருக்கடையூர்க் கோயிலில் நாள்தோறும் இக்காட்சியைக் காணலாம்.

இங்கே ஒன்றை நாம் கூர்ந்து நோக்கல் வேண்டும். அவ்விரு விழாக்களும் கணவனின் அகவையைக் கொண்டே கணிக்கப்படுகின்றன. மனைவியின் அகவை கணக்கில் வருவதில்லை. இருவரும் சேர்ந்து வாழ்ந்த ஆண்டுகளும் வருவதில்லை. ஐம்பதில் மணந்தவனுக்கும் அறுபதில் மணிவிழா உண்டு. இருபதில் மணந்தவனுக்கும் அறுபதிலேதான் உண்டு. சேர்ந்து வாழ்ந்த காலத்தை மட்டுமே கணக்கிடுவது மணநாள் ஒன்றுதான். வழக்கு எங்கிருந்து வந்ததாயினும், அக்கணக்கில் இருவருக்கும் சம உரிமை உண்டு என்பதனால் அதனை ஏற்றுக்கொள்வதில் எனக்குத் தடையில்லை.

நம் நாட்டில் மணநாள் எது என்பதிலேயே ஒரு சிக்கல் உண்டு. 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் திருமணப் பதிவுச் சட்டத்தின்படி பதிவாளர் முன்னிலையில் 'எழுத்து' ஒரு நாளில் நடைபெறும்; தாலிகட்டுப் பிறிதொரு நாளில் நடைபெறுவதுமுண்டு. கணவன் ஒரு நாளையும் மனைவி மற்றொரு நாளையும் மனத்திற்கொண்டு, 'மறந்துவிட்டீர்களே' என்று ஆண்டுதோறும் பிணங்கும் வீடுகளை நான் அறிவேன். எங்கள் வீட்டில் அச்சிக்கல் இல்லை. தாலிகட்டிய நாளே மணநாள் என்று என் மனைவி முதலாண்டிலேயே தீர்ப்பளித்துவிட்டாள்.

எங்களுக்கு மணம் நடந்தது 1996ஆம் ஆண்டு ஆவணியில். மணமான மறுநாள் கந்தளாயிலிருந்து திருகோணமலைக்குச் சென்று கோணேசரை இருவருமாக வணங்கி வருவதென்று பெரியோர் பேசி வைத்திருந்தனர். வழி ஏறத்தாழ 40 கிலோமீற்றர்தான். ஆனால் அது போர்க்காலம். சோதனைச் சாவடிதோறும் இறங்கி நடக்க வேண்டும். பொழுது சாய்வதற்குள் வீடு திரும்ப வேண்டும். புதுமணப்பெண்ணை அவ்வழியில் அழைத்துச் செல்ல ஒருவரும் உடன்படவில்லை. 'நிலைமை சீரானதும் போகலாம்' என்றனர். நிலைமை சீராக 2009 வரை சென்றது. அதற்குள் பிள்ளைகள் வளர்ந்தனர். அவர்களின் படிப்பும் பெற்றோரின் நோயும் முன்னே வந்து நின்றன.

'இருபத்தைந்தாம் ஆண்டில் கட்டாயம் போவோம்' என்று நாள் குறித்தோம். அந்நாள் 2021 ஆவணியில் வந்தது. பெருந்தொற்றின் காரணமாக அவ்வாண்டு ஆகஸ்டு 20 முதல் நாடு முழுவதும் முடக்கப்பட்டிருந்தது. மறுவருடம் எரிபொருள் வரிசைகளின் வருடம். அதற்கடுத்த வருடம், பிந்திப் போன பரீட்சைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து பாடசாலையை நிறைத்தன. ஓர் அதிபருக்கு அவற்றினின்றும் விடுதலை ஏது?

இந்த 28 ஆண்டுகளில் நாங்கள் இருவரும் சேர்ந்து திருகோணமலைக்கே சென்றதில்லை என்று கருதிவிடாதீர்கள். பலமுறை சென்றோம். வைத்தியசாலைக்குச் சென்றோம், கச்சேரிக்குச் சென்றோம், மூத்தோர் கடன் முடிக்கக் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குச் சென்றோம். ஒருமுறை கோட்டை வாயில் வரை சென்று, அலுவலகம் பூட்டிவிடுமே என்ற அவசரத்தில் உள்ளே நுழையாமல் திரும்பியதுமுண்டு. அவை யாவும் கடமைப் பயணங்கள். வேலை ஏதுமின்றி, ஒருவருக்காக மற்றவர் என்று சென்ற பயணம் ஒன்றுகூட இல்லை.

2024ஆம் ஆண்டு ஆனி மாதத்து மாலையொன்றில் கந்தளாய்க் குளக்கட்டில் இருவரும் அமர்ந்திருந்தோம். 'இருபத்தைந்தும் போய்விட்டது. இனி ஐம்பதாவதில் பார்த்துக்கொள்வோம்' என்று நான் வேடிக்கையாகச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

'இஞ்சாருங்கோ, போகாததற்கு நான் ஒருநாளும் வருந்தினதில்லை. முன்பெல்லாம் அடுத்த வருடம் போவோம், அடுத்த வருடம் போவோம் என்று சொல்லுவீர்கள். இப்போது இரண்டு வருடமாக அதையும் சொல்லுவதில்லை. அதுதான் மனத்துக்கு ஒரு மாதிரியாக இருக்கிறது' என்றாள்.

எனக்கு மறுமொழி தோன்றவில்லை. ஐம்பதாம் ஆண்டில் நான் எண்பதை நெருங்கியிருப்பேன். அவளுடைய முழங்கால் வலி அதுவரை பொறுத்திருக்குமா என்பதை நான் எண்ணிப் பார்த்ததில்லை.

எதிரே குளத்தைப் பார்த்தேன். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரண்டாம் அக்கபோதி மன்னன் காலத்தில் அமைந்ததாகவும், பன்னிரண்டாம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு காலத்தில் விரிவுபெற்றதாகவும் வரலாற்று நூல்கள் கூறும் குளம் அது. குளக்கோட்டு மன்னன் கட்டியது என்பது கோணேசர் கல்வெட்டு வழிவந்த நம்மவர் மரபு. அதன் கட்டு ஏறத்தாழ 14,000 அடி நீளமும் 50 அடி உயரமும் உடையது. அக்குளம் செய்யும் பணி யாது? ஐப்பசி முதல் தை வரை வடகீழ்ப் பருவத்தில் பெய்யும் மழையைத் தேக்கி வைத்து, மழையற்ற சிறுபோகத்தில் வயலுக்குக் கொடுப்பதுதான். பெய்த காலத்தில் பயன்படாத நீர் வீணாய்ப் போகவில்லை, பிந்திப் பயன்படுகின்றது. பிந்தி வந்த நீர் என்று எந்த உழவனும் அதனை ஒதுக்குவதில்லை.

ஆனால் அக்குளத்துக்கு மற்றொரு வரலாறும் உண்டு. 1986ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் நாள் விடியுமுன் அதன் கட்டு உடைந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பல நூறு வீடுகள் அழிந்தன. அந்த இரவை நினைவிற் கொண்டவர்கள் இன்றும் எங்கள் ஊரில் இருக்கின்றனர். மண்ணாலான எந்தக் கட்டுக்கும் உள்ளே ஊறும் கசிவே பெரும்பகை என்பர் பொறியியலாளர். வெளியே புல் பசுமையாய் இருக்கும்; உள்ளே மண் சிறிது சிறிதாகக் கரைந்துகொண்டிருக்கும். ஆதலின் தேக்குவது மட்டும் போதாது. காலம் பார்த்துத் துருசைத் திறக்கவும் வேண்டும். கட்டைச் சுற்றிப் பார்க்கவும் வேண்டும். 'அடுத்த வருடம்' என்ற சொல்லும் எங்கள் வாழ்வில் ஒரு கட்டாக இருந்தது. அது கரைந்துகொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை, அவள் கவனித்திருந்தாள்.

அவ்வாண்டு ஆவணியில், பாடசாலை விடுமுறையில், ஒரு காலைப் பேருந்தில் புறப்பட்டோம். பிள்ளைகள் வாடகைக்கு வாகனம் பிடித்துத் தருவதாகக் கூறினர். அவள் வேண்டாமென்றாள். சன்னலோரத்தில் அமர்ந்து வயல்வெளியைப் பார்த்துக்கொண்டு போக வேண்டுமென்பது அவளது விருப்பம். முள்ளிப்பொத்தானையைக் கடந்து தம்பலகாமத்தில் இறங்கி, ஆதிகோணநாயகரை முதலில் வணங்கினோம். திருகோணமலைக் குன்றின்மேல் இருந்த பெருங்கோயிலைப் பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் போர்த்துக்கேயர் இடித்தபோது, அடியார்கள் காத்துக் கொண்டுவந்த திருவுருவம் பின்னர் இங்கே கோயில் கொண்டது என்பது வழிவழி வரும் செய்தி.

அங்கிருந்து திருகோணமலை சென்று, கோட்டை வாயிலைக் கடந்து சுவாமிமலைமீது மெல்ல நடந்தோம். மரநிழலில் புள்ளிமான்கள் படுத்திருந்தன. இரண்டு இடங்களில் அமர்ந்து இளைப்பாறினோம். 28 ஆண்டுகளுக்கு முன் வந்திருந்தால் ஒரே மூச்சில் ஏறியிருப்போம். ஆனால் அந்த மான்களை இவ்வளவு நேரம் பார்த்திருக்க மாட்டோம்.

கோணேசர் சந்நிதியில் ஒரு செய்தி என் நினைவுக்கு வந்தது. 1950ஆம் ஆண்டு திருகோணமலையில் கிணறு வெட்டியபோது மண்ணுக்குள்ளிருந்து பழைய செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. இறைவனும் இறைவியும் குழந்தை முருகனுடன் வீற்றிருக்கும் சோமாஸ்கந்தர் அவற்றுள் ஒன்று. இடிபாட்டுக் காலத்தில் மண்ணில் மறைக்கப்பட்ட அக்குடும்பம், முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்து மீண்டது. மலைமீது கோயில் மீண்டும் எழுந்து 1963இல் குடமுழுக்கும் நடைபெற்றது. இதனை மெல்லிய குரலில் அவளுக்குச் சொன்னேன். 'அப்படியானால் நாங்கள் ஒன்றும் அவ்வளவு பிந்திவிடவில்லை' என்றாள்.

அம்மலையின் செங்குத்தான முனையை ஒல்லாந்தர் காலத்துக் கதையொன்று 'காதலர் பாய்ச்சல்' என்று வழங்குகிறது. பிரான்சினா வான் ரீட் என்னும் இளநங்கை, காதலன் கப்பலேறிப் பிரிந்துசெல்லக் கண்டு கடலிற் குதித்தாள் என்பது கதை. வருவோர் எல்லோரும் அவளுக்காக இரங்குகின்றனர். அவ்விடத்தில் நின்று பார்க்கையில் எனக்கு வேறோர் எண்ணம் எழுந்தது. ஒரு கணத்தில் உயிரை விட்ட காதலுக்குக் கதையும் பெயரும் உண்டு. விடியற்காலையில் எழுந்து தேநீர் வைத்து, பிள்ளைகளின் சீருடையை மடித்து, கணவனின் கோபத்தைப் பொறுத்து, பதினாயிரம் நாட்கள் நிலைத்து நின்ற அன்புக்கு எந்தப் பாறையிலும் பெயரில்லை. அதற்குப் பெயர் சூட்ட வேண்டியவர் அதனைப் பெற்றவரே.

நம் காப்பியமொன்றிலும் இதற்கு எதிர்மறையான சான்று உண்டு. கோவலனும் கண்ணகியும் தம்பதியராய்ச் சேர்ந்து சென்ற நெடும்பயணம் ஒன்றே. பொருளெல்லாம் இழந்தபின், இருளோடிருளாகப் புகாரை விட்டுப் புறப்பட்ட பயணம் அது. கண்ணகையை வீட்டுத் தெய்வமாக வழிபடும் கீழ்மாகாணத்து மக்களாகிய நமக்கு அதன் முடிவு தெரியும். கைப்பொருளும் கால்வலிவும் இருக்கும்போதே மனைவியுடன் நடந்திருக்கலாமே என்று அக்கதையைப் படிக்குந்தோறும் நான் எண்ணுவதுண்டு.

இத்தகைய பயணத்தை மேற்கொள்ள விரும்பும் முதிய தம்பதியருக்கு அனுபவத்தால் அறிந்த சிலவற்றைக் கூறலாம். தொலைவான ஊர் வேண்டுவதில்லை. அன்று போக எண்ணிப் போகாது விட்ட இடமே சிறந்தது. கீழைக்கரைக்கு வருவோர் வைகாசி முதல் ஆவணி வரையுள்ள மாதங்களைத் தேர்ந்துகொள்ளலாம். அப்போது கடல் அமைதியாயிருக்கும், மழையும் குறைவு. ஒரு நாளில் இரண்டு இடங்களுக்கு மேல் திட்டமிடலாகாது. மருந்தையும் தண்ணீரையும் கையோடு கொள்ள வேண்டும். போகும் வழியில் வேறொரு வேலையையும் முடித்துவிடலாம் என்ற ஆசையை அடியோடு விட்டுவிட வேண்டும். கடமைப் பயணமாக அது மாறிவிடுவது அந்த ஆசையினால்தான். எல்லாவற்றுக்கும் மேலாக, எங்கே போவது என்பதை மனைவியிடம் கேட்டறிய வேண்டும். நாமே முடிவுசெய்து நாமே பெருமைகொள்வது ஆடவர்க்கு இயல்பாய் வருவதொரு குறை. எனக்கும் அக்குறை உண்டு.

மாலையில் கடற்கரையில் அமர்ந்து கடலை வாங்கித் தின்றோம். அதிகம் பேசிக்கொள்ளவில்லை. கடைசிப் பேருந்துக்கு முந்தியதில் ஏறி இருட்டுமுன் கந்தளாய் வந்து சேர்ந்தோம். குளத்தில் நீர் வற்றி அடியில் கிடந்தது; சிறுபோக அறுவடையும் பெரும்பாலும் முடிந்திருந்தது. வண்டியிலிருந்து இறங்கும்போது அவள் என் தோளைப் பற்றிக்கொண்டாள்.

'அடுத்த வருடம் எங்கே போவோம்?' என்று கேட்டேன்.

'முதலில் கேட்டீர்களே, அது போதும். இடத்தை நான் யோசித்துச் சொல்லுகிறேன்' என்றாள்.

நேயர்களே, உங்களில் பலருக்கும் இவ்வாறு ஒத்திவைத்த பயணம் ஒன்று இருக்கலாம். காலம் கடந்துவிட்டதே என்று அதனைக் கைவிட வேண்டாம். பயணம் பிந்தினாலும் குறையில்லை. அதைப் பற்றிய பேச்சு வீட்டில் நின்றுபோகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.