வானவில் டிரவுட் வளர்ப்பும் உற்பத்திப் போக்குகளும்

வானவில் டிரவுட் என்பது சால்மன் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு குளிர்நீர் மீன் ஆகும். இதன் அறிவியல் பெயர் ஆங்கோரிங்கசு மைக்கிசு. உடலின் பக்கவாட்டில் நீளவாக்கில் செல்லும் இளஞ்சிவப்புப் பட்டையும், ஒளி படும்போது தோன்றும் பல நிறச் சாயல்களும் இதற்கு இப்பெயரைத் தந்தன. பண்ணைகளில் வளர்க்கப்படும் சால்மன் குடும்ப மீன்களில், உற்பத்தி அளவில் அட்லாண்டிக் சால்மனுக்கு அடுத்த இடத்தில் இது உள்ளது. 2020 ஆம் ஆண்டில் இதன் உலகப் பண்ணை உற்பத்தி ஏறத்தாழ 9.5 லட்சம் டன் ஆகும்.

இம்மீனுக்குக் குளிர்ந்த, தூய்மையான, ஆக்சிசன் நிறைந்த நீர் தேவை. இது எங்கே வளர்க்கப்படுகிறது, எந்த நாட்டில் உற்பத்தி கூடுகிறது, எந்த நாட்டில் குறைகிறது என்பவற்றைப் பெரும்பாலும் இந்தத் தேவையே தீர்மானிக்கிறது.

தாயகமும் பரவலும்

வானவில் டிரவுட்டின் தாயகம், பசிபிக் பெருங்கடலில் கலக்கும் வட அமெரிக்க மேற்குப் பகுதி ஆறுகளும், உருசியாவின் கம்சாத்கா தீபகற்பத்து ஆறுகளும் ஆகும். கம்சாத்காவில் கிடைத்த மீனைக் கொண்டு 1792 ஆம் ஆண்டில் செருமானிய அறிஞர் வால்பாம் இதற்கு முதன்முதலில் அறிவியல் பெயர் இட்டார். நீண்ட காலம் இது சால்மோ பேரினத்தில் வைக்கப்பட்டிருந்தது. பசிபிக் சால்மன்களுடன் நெருங்கிய உறவுடையது என்பது தெளிவானதால், 1989 இல் ஆங்கோரிங்கசு பேரினத்திற்கு மாற்றப்பட்டது.

இம்மீன்களில் ஒரு பகுதி வாழ்நாள் முழுவதும் நன்னீரிலேயே இருக்கும். மற்றொரு பகுதி கடலுக்குச் சென்று வளர்ந்து, முட்டையிட ஆற்றுக்குத் திரும்பும். பின்னது ஸ்டீல்ஹெட் எனப்படும். நன்னீர், கடல்நீர் இரண்டிலும் வாழும் இத்திறனே பிற்காலத்தில் கடற்கூண்டுகளில் இதை வளர்க்க வழி வகுத்தது.

1870களில் கலிபோர்னியாவில் இதன் முட்டைகள் சேகரிக்கப்பட்டுப் பொரிப்பகங்களில் குஞ்சுகள் பெறப்பட்டன. கரு வளர்ந்து கண் புள்ளி தெரியும் நிலையை அடைந்த முட்டைகள், ஈரமும் குளிர்ச்சியும் காக்கப்பட்டால் நீண்ட பயணத்தைத் தாங்கும். இதனால் 1877 இல் சப்பானுக்கும், 1880களில் நியூசிலாந்திற்கும் ஐரோப்பாவிற்கும் இம்மீன் சென்றது. தூண்டில் விளையாட்டிற்காகத் தொடங்கிய இந்தப் பரவல், பின்னர் உணவு உற்பத்தியாக மாறியது. இன்று அண்டார்க்டிகா தவிர மற்ற எல்லாக் கண்டங்களிலும் இது காணப்படுகிறது.

குளிர்ந்த நீர் ஏன் தேவை?

அடுப்பில் வைத்த நீர் கொதிப்பதற்கு வெகு முன்னரே பாத்திரத்தின் சுவரில் சிறு குமிழிகள் தோன்றுவதைப் பார்க்கலாம். அவை நீரில் கரைந்திருந்த காற்று வெளியேறுவதால் உண்டாகின்றன. நீர் சூடாகும் அளவிற்கு அதில் கரைந்திருக்கக்கூடிய ஆக்சிசன் குறையும். கடல் மட்டத்தில், 10 °செ வெப்பநிலையில் ஒரு லிட்டர் நன்னீரில் சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிசன் கரையும்; 20 °செ வெப்பநிலையில் அது சுமார் 9 மில்லிகிராமாகக் குறைந்துவிடும்.

அதே வேளையில், மீனின் உடல் வெப்பநிலை நீரின் வெப்பநிலையோடு சேர்ந்து உயர்கிறது. உடல் செயல்பாடு விரைவுபடுவதால் அதற்குத் தேவையான ஆக்சிசனும் கூடுகிறது. தேவை கூடும்போது இருப்பு குறைவதுதான் இங்குள்ள சிக்கல். வானவில் டிரவுட் 12 முதல் 18 °செ வரை நன்கு உண்டு வளரும். 20 °செ தாண்டினால் உணவெடுப்பது குறைந்து நோய்கள் எளிதில் தாக்கும். 25 °செ அளவில் உயிருக்கே ஆபத்து. முட்டைகளுக்கு இன்னும் குளிர்ந்த நீர் வேண்டும். ஆகவேதான் வெப்ப நாடுகளில் உயர்ந்த மலைகளில் மட்டுமே இம்மீன் வாழ முடிகிறது.

வளர்ப்புப் படிநிலைகள்

பண்ணைகளில் இம்மீன் தானாக முட்டையிடுவதில்லை. முதிர்ந்த தாய்மீனின் வயிற்றை மெதுவாக அழுத்தி முட்டைகள் ஒரு பாத்திரத்தில் எடுக்கப்படுகின்றன. அதன் மேல் ஆண் மீனின் விந்து சேர்த்துக் கலக்கப்பட்டு, பிறகே நீர் ஊற்றப்படுகிறது. இதற்கு உலர்முறைக் கருவூட்டல் என்று பெயர். ஒரு கிலோ எடையுள்ள தாய்மீன் சுமார் 2,000 முட்டைகள் தரும்.

கருவுற்ற முட்டைகள் தட்டுகளில் பரப்பப்பட்டு ஓடும் நீரில் வைக்கப்படுகின்றன. 10 °செ நீரில் ஏறக்குறைய ஒரு மாதத்தில் குஞ்சுகள் பொரிக்கும். குஞ்சுகள் முதலில் தம் உடலோடு ஒட்டிய கருவுணவுப் பையைக் கொண்டு வாழும். அது தீரும் தறுவாயில் நீரின் மேல்மட்டத்திற்கு நீந்தி வந்து தூள் தீவனம் உண்ணத் தொடங்கும்.

விரல் அளவு வளர்ந்த குஞ்சுகள் ஓடுநீர்த் தொட்டிகளுக்கு மாற்றப்படுகின்றன. இவை நீண்டு குறுகிய சிமெண்டுத் தொட்டிகள். ஒரு முனையில் நுழையும் நீர் மறுமுனையில் வெளியேறும். வரும்போது ஆக்சிசனைக் கொண்டுவரும், போகும்போது கழிவை எடுத்துச் செல்லும். நீரின் வெப்பநிலையைப் பொறுத்து 9 முதல் 18 மாதங்களில் மீன்கள் 250 முதல் 400 கிராம் எடையை அடைகின்றன. ஒருவர் ஒரு வேளை உணவில் உண்ணத்தக்க இந்த அளவு, தட்டு அளவு மீன் எனப்படுகிறது. கடற்கூண்டுகளில் வளர்க்கப்படும் மீன்கள் 2 கிலோவுக்கும் மேல் வளர்க்கப்பட்டு, சால்மனைப் போலத் துண்டுகளாக விற்கப்படுகின்றன.

உற்பத்தி பெருகியதற்கான காரணங்கள்

முதன்மையான காரணம் தீவனம் ஆகும். தொடக்ககாலப் பண்ணைகள் இறைச்சிக்கூடக் கழிவுகளையும் மலிவான கடல் மீன்களையும் நம்பியிருந்தன. இவை விரைவில் கெட்டு, நீரையும் கெடுத்தன. 1950களில் உருவான உலர் குருணைத் தீவனம் இந்நிலையை மாற்றியது. இன்று 1 கிலோ மீன் வளர 1 முதல் 1.3 கிலோ உலர் தீவனம் போதுமானது.

இரண்டாவது காரணம் இனவிருத்தி நுட்பங்கள். ஆண் மீன்கள் சிறு வயதிலேயே முதிர்ந்துவிடுவதால் அவற்றின் வளர்ச்சி தடைப்பட்டு இறைச்சித் தரம் குறைகிறது. எனவே பல பண்ணைகள் பெண் மீன்களை மட்டுமே வளர்க்கின்றன. இதற்காகப் பெண் குஞ்சுகள் சிலவற்றிற்கு ஆண் இயக்குநீர் கொடுத்து, அவை விந்து உற்பத்தி செய்யுமாறு மாற்றப்படுகின்றன. மரபணு வழியில் அவை பெண்களே என்பதால், அவற்றின் வழித்தோன்றல்கள் அனைத்தும் பெண்களாக இருக்கும். விற்பனைக்கு வரும் இம்மீன்கள் நேரடியாக இயக்குநீர் உண்டவை அல்ல. முட்டைகளுக்குக் கருவுற்ற சில நிமிடங்களில் வெப்பமோ அழுத்தமோ கொடுத்து, இனப்பெருக்கத் திறனற்ற மும்மடிய மீன்களையும் உருவாக்குகின்றனர்.

மூன்றாவதாக, தாய்மீன்களுக்குக் கிடைக்கும் ஒளி நேரத்தை மாற்றியமைத்து ஆண்டின் எல்லாப் பருவங்களிலும் முட்டை பெற முடிகிறது. நான்காவது காரணம் தடுப்பூசி. பண்ணைகளுக்குப் பேரிழப்பை உண்டாக்கிய செவ்வாய் நோய் என்னும் நுண்ணுயிரி நோய்க்கு 1970களில் வந்த தடுப்பூசி, மீன்களுக்காக வணிக முறையில் வெளிவந்த முதல் தடுப்பூசிகளுள் ஒன்றாகும்.

நாடுகளும் போக்குகளும்

ஐக்கிய அமெரிக்காவில் உணவுக்கான டிரவுட் உற்பத்தியின் பெரும்பகுதி ஐடகோ மாநிலத்தில் நடைபெறுகிறது. அங்கு சினேக் ஆற்றுப் பள்ளத்தாக்கின் பாறைச் சுவர்களிலிருந்து ஆண்டு முழுவதும் சுமார் 15 °செ வெப்பநிலையில் ஊற்று நீர் பாய்கிறது. கோடையிலும் குளிர்காலத்திலும் மாறாத இந்த நீரே அத்தொழிலின் அடிப்படை.

ஐரோப்பாவில் டென்மார்க், இத்தாலி, பிரான்சு ஆகியவை நெடுங்காலமாக டிரவுட் வளர்ப்பவை. அங்கு உற்பத்தி பெரிதாக உயரவில்லை. புதிய நீரூற்றுகள் இல்லாமையும் கழிவுநீர் பற்றிய கடுமையான சட்டங்களும் இதற்குக் காரணங்கள்.

வளர்ச்சியின் மையம் மேற்காசியாவிற்கு நகர்ந்துள்ளது. பாலைவன நாடாகப் பலராலும் எண்ணப்படும் ஈரான், நன்னீரில் வானவில் டிரவுட் வளர்ப்பதில் உலகின் முன்னணி நாடாக விளங்குகிறது. சாக்ரோசு மலைத்தொடரின் பனி உருகி உருவாகும் ஊற்றுகளும் ஆறுகளும் இதற்கு ஆதாரம். 1990களில் சில ஆயிரம் டன் என்ற அளவில் இருந்த அதன் உற்பத்தி, 2010களின் தொடக்கத்தில் ஒரு லட்சம் டன்னை எட்டியது.

துருக்கி அணைகளின் நீர்த்தேக்கங்களில் மிதவைக் கூண்டுகளை அமைத்து முன்னேறியது. அண்மைக் காலத்தில் அங்கு ஒரு புதிய முறை பரவியுள்ளது. நன்னீரில் வளர்ந்த மீன்கள் இலையுதிர் காலத்தில் கருங்கடல் கூண்டுகளுக்கு மாற்றப்படுகின்றன. அவை குளிர்காலம் முழுவதும் அங்கு வளர்ந்து, கடல்நீர் சூடாவதற்கு முன், கோடையின் தொடக்கத்தில் அறுவடை செய்யப்படுகின்றன. துருக்கிய சால்மன் என்ற பெயரில் இவை ஏற்றுமதியாகின்றன.

சிலியும் நார்வேயும் கடற்கூண்டுகளில் பெரிய அளவிலான மீன்களை வளர்க்கின்றன. சிலியின் உற்பத்தி 2012 ஆம் ஆண்டளவில் 2.5 லட்சம் டன் அளவை எட்டிய பின் வெகுவாகக் குறைந்தது. பெருவில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,800 மீட்டர் உயரத்தில் உள்ள டிட்டிக்காக்கா ஏரியில் ஏரிக்கரை மக்களின் சிறு கூண்டுகளும் நிறுவனங்களின் பெரும் பண்ணைகளும் அருகருகே இயங்குகின்றன. நிலநடுக்கோட்டிற்கு அருகில் இருந்தாலும் உயரமே அந்த ஏரியைக் குளிர்ச்சியாக வைத்திருக்கிறது.

இந்தியாவும் இலங்கையும்

தெற்காசியாவிற்கு டிரவுட் மீன்களைக் கொண்டுவந்தவர்கள் தூண்டில் விளையாட்டில் ஆர்வம் கொண்ட ஆங்கிலேயர்கள். இலங்கையின் மலையகத்திற்கு 1880களில் முட்டைகள் கொண்டுவரப்பட்டன. நுவரெலியா, ஓட்டன் சமவெளிப் பகுதிகளில் வானவில் டிரவுட் நிலைத்தது. நீலகிரியில் 1907 ஆம் ஆண்டில் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைக்கப்பட்டது. இலங்கையிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் வந்த முட்டைகளில் இருந்து தோன்றிய மீன்கள் மலை ஓடைகளிலும் நீர்த்தேக்கங்களிலும் விடப்பட்டன. கேரளத்தின் மூணாறு மலைகளிலும் இம்மீன் உள்ளது. தென்னிந்தியாவில் குளிர்ந்த நீர்நிலைகள் குறைவு என்பதால் இங்கு இது வணிக உற்பத்தியாக வளரவில்லை.

காசுமீரில் 1900 ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்திலிருந்து வந்த பழுப்பு டிரவுட் முட்டைகளுடன் இம்முயற்சி தொடங்கியது. வானவில் டிரவுட் பின்னர் வந்தது. 1980களில் ஐரோப்பிய உதவியுடன் கோக்கர்நாக்கிலும், நார்வேயின் ஒத்துழைப்புடன் இமாச்சலப் பிரதேசத்தின் பட்லிகுல்லிலும் நவீனப் பண்ணைகள் உருவாயின. அதன் பிறகே உணவுக்கான வளர்ப்பு தனியார் உழவர்களிடம் பரவியது.

2020 இல் தொடங்கிய பிரதமரின் மீன்வளத் திட்டத்தின் கீழ் ஓடுநீர்த் தொட்டி கட்டும் செலவில் பொதுப்பிரிவினருக்கு 40 விழுக்காடும், பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 60 விழுக்காடும் மானியமாக வழங்கப்படுகிறது. சுமார் 17 மீட்டர் நீளமும் 2 மீட்டர் அகலமும் கொண்ட ஒரு தொட்டியே ஒரு குடும்பத்தின் பண்ணையாக அமைகிறது. சம்மு காசுமீரின் டிரவுட் உற்பத்தி 2023-24 ஆம் ஆண்டில் 2,000 டன்னைத் தாண்டியது. இமாச்சலம், உத்தராகண்டம், சிக்கிம், அருணாச்சலம் ஆகியவற்றிலும் இத்தொழில் பரவி வருகிறது.

சிக்கல்கள்

சிறு பண்ணையாளருக்கு மிகப் பெரிய இடர் நீரே. பனி குறைவாகப் பொழிந்த ஆண்டில் கோடை ஓடைகள் வற்றும். எஞ்சிய நீர் சூடாகும். ஓடுநீர்த் தொட்டியில் நீர் வரத்து நின்றால் மீன்கள் வெகு விரைவில் மூச்சுத்திணறி இறந்துவிடும். ஓர் ஆண்டு உழைப்பு ஒரே நாளில் போய்விடும். மறுபுறம் திடீர் வெள்ளமும் அச்சுறுத்துகிறது. 2023 சூலையில் பியாசு ஆற்றில் ஏற்பட்ட வெள்ளம் குல்லுப் பள்ளத்தாக்கின் டிரவுட் பண்ணைகளையும் பாதித்தது.

அடுத்த சிக்கல் தீவனம். உற்பத்திச் செலவில் பாதிக்கும் மேல் இதற்கே செல்கிறது. டிரவுட் ஊனுண்ணி என்பதால் தீவனத்தில் மீன்தூளும் மீன் எண்ணெயும் தேவைப்படுகின்றன. கடலில் பிடிக்கும் சிறு மீன்களைக் கொண்டு பண்ணை மீனை வளர்ப்பது முறையா என்ற கேள்வி எழுந்ததால், சோயா முதலிய தாவரப் புரதங்களின் பங்கு படிப்படியாகக் கூட்டப்பட்டுள்ளது. பூச்சிப் புரதமும் ஆய்வில் உள்ளது.

சூழலியல் பாதிப்பு மூன்றாவது. உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் வானவில் டிரவுட் இடம்பெற்றுள்ளது. டிட்டிக்காக்கா ஏரிக்கே உரிய ஓரசுடியாசு குவியேரி என்னும் மீன் இனம் இன்று அற்றுப்போய்விட்டது. அதற்கு டிரவுட்டின் வருகை ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. பண்ணையிலிருந்து தப்பும் மீன்கள் உள்ளூர் மீன்களை உண்பதுடன் அவற்றின் உணவுக்கும் போட்டியிடுகின்றன.

நீரைச் சிக்கனப்படுத்தும் முறைகள்

டென்மார்க்கில் 2000களில் உருவான மாதிரிப் பண்ணைகள், தொட்டியிலிருந்து வெளியேறும் நீரை வடிகட்டி, அதிலுள்ள அம்மோனியாவை நுண்ணுயிரிகளின் துணையால் தீங்கு குறைந்த நைட்ரேட்டாக மாற்றி, ஆக்சிசன் ஏற்றி மீண்டும் பயன்படுத்துகின்றன. பழைய முறையில் தேவைப்பட்ட புதுநீரில் சுமார் பத்தில் ஒரு பங்கே இவற்றுக்குப் போதும். இந்தியாவிலும் மறுசுழற்சி நீர் முறையில் டிரவுட் வளர்க்கும் பண்ணைகள் தொடங்கப்பட்டுள்ளன.

இம்முறைக்கு முதலீடும் தடையற்ற மின்சாரமும் பயிற்சி பெற்ற ஆட்களும் தேவை. நீரேற்றி சில நிமிடங்கள் நின்றாலும் மீன்கள் ஆபத்துக்குள்ளாகும். ஒரு தொட்டியை மட்டும் வைத்திருக்கும் மலைக் குடும்பத்தால் இச்செலவைத் தனியாகத் தாங்க இயலாது. அத்தகைய பண்ணைகளுக்கு வெப்பத்தைத் தாங்கும் இனங்களைத் தெரிவு செய்தல், கோடைக்கு முன் அறுவடையை முடித்தல், தொட்டிகளுக்கு நிழல் அமைத்தல், ஓடையின் ஊற்றுக்கண்ணைச் சூழ்ந்த காடுகளைக் காத்தல் ஆகியவையே கைக்கு எட்டும் வழிகளாக உள்ளன.