விளம்பரம் எழுதியது யார்?

ஃபேரர் பார்க் எம்ஆர்டிக்குப் பக்கத்தில் மூவறை வீடு, காற்றோட்டமான கூடம், தேக்கா சந்தைக்கு நடந்தே போகலாம். கைப்பேசியில் இப்படியொரு விளம்பரத்தைப் பார்த்ததும் முகவருக்கு வாட்ஸ்அப் அனுப்புகிறோம். அந்த வரிகளை எழுதியவர் அந்த வீட்டை நேரில் பார்த்திராதவராக இருக்கலாம். சிங்கப்பூருக்கே வந்திராதவராகவும் இருக்கலாம்.

வாடகை விளம்பர வேலையை முகவர்கள் வெளியே கொடுப்பது உண்டு. படங்களைத் திருத்தி, விவரம் எழுதி, புரோப்பர்ட்டிகுரு, 99.கோ, கரோசெல் என ஒவ்வொரு தளத்திலும் ஏற்ற வேண்டும். அதோடு முடிந்துவிடாது. நேற்றுப் போட்டது இன்று கீழே இறங்கிவிடும். மறுபடி மேலே கொண்டுவர வேண்டும். நாள் முழுவதும் வீடு காட்ட அலையும் முகவருக்கு இதற்கு நேரம் ஏது? சென்னையிலோ மணிலாவிலோ வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர் செய்து கொடுத்துவிடுவார்.

இதில் தவறொன்றும் இல்லை. ஆனால் தூரத்தில் இருப்பவருக்கு உள்ளூர் விதிகள் தெரிந்திருக்க வேண்டுமே! வீவக வீட்டை ஆறு மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விட முடியாது. தனியார் வீட்டுக்கு மூன்று மாதம். 'ஒரு மாதத்துக்கும் கிடைக்கும்' என்று ஒரு விளம்பரம் சொன்னால் எழுதியவருக்கு விதி தெரியவில்லை, அல்லது தெரிந்தே மீறுகிறார்.

இதைவிட நம்மைச் சுடுவது இன்னொன்று. 'இந்தியர்கள் வேண்டாம்' என்ற வரியை இங்கே வாடகை வீடு தேடிய பலர் படித்திருப்பார்கள். 2014இல் பிபிசியே இதைப்பற்றிச் செய்தி வெளியிட்டது. வீட்டுக்காரர் வாட்ஸ்அப்பில் சொன்னதை உதவியாளர் அப்படியே வெட்டி ஒட்டிவிட்டால், அவருக்கு அது வெறும் ஒரு வரி. படிப்பவருக்கு அப்படி இல்லை. இனத்தைச் சொல்லி ஒதுக்கும் வாசகங்கள் விளம்பரத்தில் கூடாது என்பது முகவர்களுக்கான அறிவுறுத்தல். வரி மறைந்தாலும் மனம் மாறிவிடுவதில்லை. "எந்த நாட்டுக்காரர், சமைப்பீர்களா" என்ற கேள்வி தொலைபேசியில் வந்துவிடுகிறது. என்றாலும், எழுதிவைப்பதையாவது தடுக்க முடிகிறதே.

யார் தட்டச்சு செய்தாலும் பொறுப்பு முகவருடையதுதான். சொத்து முகவர் சட்டத்தின்கீழ் 2010 அக்டோபரில் சிஇஏ மன்றம் அமைக்கப்பட்டது. அதன் விதிகளின்படி விளம்பரத்தில் முகவரின் பெயர், நிறுவனத்தின் பெயர், உரிம எண், தொலைபேசி எண் இருக்க வேண்டும். உரிமையாளர் சம்மதிக்காமல் விளம்பரம் போடக்கூடாது. விவரம் வாசகரை ஏமாற்றுவதாகவும் இருக்கக்கூடாது. வாடகைக்குப் போய்விட்ட வீட்டின் விளம்பரத்தை எடுக்காமல் விட்டு, அழைப்பவரிடம் "அது போய்விட்டது, வேறொன்று இருக்கிறது" என்பது பழைய தந்திரம். 'உதவியாளர் எடுக்க மறந்துவிட்டார்' என்பது சாக்காகாது.

மோசடிக்காரர்களுக்கும் இந்த இடைவெளி வசதி. உண்மையான முகவரின் பெயரையும் பதிவு எண்ணையும் களவாடி, வேறு கைப்பேசி எண்ணைப் போட்டுவிடுவார்கள். பெயர் சரியாக இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். சிஇஏ இணையத்தளத்தின் பொதுப் பதிவேட்டில் கைப்பேசி எண்ணையே தட்டித் தேடலாம். அங்கே இல்லாத எண் என்றால் பேச்சை நிறுத்திவிடலாம். வீட்டைப் பார்க்குமுன் முன்பணம் கேட்டாலும் அப்படியே. வீவக வீட்டு வாடகையில் முகவர் அந்தப் பணத்தைக் கையில் வாங்கவே கூடாது. அது உரிமையாளருக்கு நேராகப் போக வேண்டியது.