சேமித்து வைத்த லிங்க் திடீரென்று திறக்கவில்லையா?

பட்டா பார்க்க, வில்லங்கம் பார்க்க, ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க என்று அடிக்கடி தேவைப்படும் இணையதளங்களைப் போனில் புக்மார்க் செய்து வைத்திருப்பீர்கள். ஒருநாள் அவசரத்துக்குத் தொட்டால் வெறும் வெள்ளைப் பக்கம், இல்லையென்றால் 'இந்தத் தளத்தை அணுக முடியவில்லை' என்று ஒரு வரி. "சர்வர் டவுன் போல"ன்னு விட்டுவிடுவோம். பல நேரங்களில் சர்வர் நன்றாகத்தான் இருக்கும். நம் போனில் இருக்கும் முகவரிதான் பழசாகியிருக்கும்.

இந்த இடத்தில்தான் கவனம் தேவை. லிங்க் வேலை செய்யவில்லை என்றதும் நாம் என்ன செய்கிறோம்? கூகுளில் 'பட்டா சிட்டா' என்று தட்டி, முதலில் வருவதைத் தொடுகிறோம். முதலில் வருவது விளம்பரமாக இருக்கலாம். அரசுத் தளம் மாதிரியே கோபுர முத்திரை போட்டு, 'சேவைக் கட்டணம்' என்று பணம் கேட்கும் தனியார் பக்கமாகவும் இருக்கலாம். ஆன்லைனில் பட்டா, சிட்டா பார்க்கக் கட்டணமே கிடையாது. அதனால், புதிதாகத் தேடுவதைவிட ஏற்கெனவே சேமித்த முகவரியைச் சரிசெய்துகொள்வதே பாதுகாப்பு.

முகவரி எப்படிப் பழசாகிறது? முன்பு இணையதள முகவரிகள் 'எச்டிடிபி' என்று தொடங்கின. அது அஞ்சலட்டை மாதிரி. நீங்கள் அடிக்கும் ஆதார் எண்ணை, கடவுச்சொல்லை வழியில் இருப்பவர் படித்துவிட முடியும். இப்போது தளங்கள் 'எச்டிடிபிஎஸ்' முறைக்கு மாறிவிட்டன. இது ஒட்டி அனுப்பும் கவர். 2018 ஜூலை முதல் குரோம் உலாவி பழைய முறைத் தளங்கள் எல்லாவற்றையும் 'பாதுகாப்பானது அல்ல' என்று காட்டத் தொடங்கியது. அதோடு மாற்றம் இன்னும் வேகமெடுத்தது.

தளத்தை நடத்துபவர்கள் ஒழுங்காகச் செய்திருந்தால், பழைய முகவரிக்கு வருபவரை சர்வரே புதிய முகவரிக்கு அனுப்பிவிடும். வீடு மாறியவருக்கு வரும் தபாலைப் புது வீட்டுக்குத் திருப்பிவிடுகிற மாதிரி. இதைச் செய்ய வேண்டியது தளத்தின் பொறுப்பு, மக்களின் வேலை அல்ல. ஆனாலும் சில தளங்களில் இது விடுபட்டுப்போகிறது.

அப்போது நீங்கள் செய்ய வேண்டியது ஒரே ஓர் எழுத்துத் திருத்தம். ஆண்ட்ராய்டு குரோமில் மேலே வலது மூலையில் உள்ள மூன்று புள்ளியைத் தொட்டு, புக்மார்க்குகளுக்குப் போங்கள். அந்தப் பெயருக்குப் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளியைத் தொட்டு 'திருத்து' கொடுங்கள். முகவரியின் தொடக்கத்தில், முக்காற்புள்ளிக்கு முன்னால் 'எஸ்' என்ற எழுத்தைச் சேர்த்து வெளியே வாருங்கள். அவ்வளவுதான். சில பழைய முகவரிகளின் நடுவில் 8080 போன்ற எண் இருக்கும். அந்த எண்ணையும் அதற்கு முன்னால் உள்ள முக்காற்புள்ளியையும் எடுத்துவிடுங்கள். அது பழைய வாசலின் எண். முகப்புத் திரையில் ஐகானாக வைத்திருந்தால், அதை நீக்கிவிட்டு, சரியான பக்கத்தைத் திறந்து மறுபடி சேர்ப்பதுதான் சுலபம்.

அப்படியும் திறக்கவில்லையா? நீங்கள் சேமித்தது உள்பக்கமாக இருக்கலாம். லாகின் செய்த பிறகு வரும் பக்கத்தையோ, பாதி நிரப்பிய விண்ணப்பத்தையோ சேமித்தால், அது சிறிது நேரத்தில் காலாவதியாகிவிடும். முகவரியில் முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்குப் பின்னால் இருப்பதை எல்லாம் அழித்துவிட்டு, முகப்புப் பக்கத்தை மட்டும் சேமியுங்கள். உள்ளே இரண்டு முறை கூடுதலாகத் தொட வேண்டியிருக்கும். பரவாயில்லை, நாளைக்கும் வேலை செய்யும்.

சில சமயம் 'உங்கள் இணைப்பு தனிப்பட்டதாக இல்லை' என்ற எச்சரிக்கை வரும். முதலில் போனின் தேதியைப் பாருங்கள். தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. உங்கள் போன் 2015 என்று காட்டினால், அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை என்று உலாவி நினைத்துக்கொள்ளும். அமைப்புகளில் தேதி, நேரத்தைத் தானியங்கியாக மாற்றுங்கள். ஆண்ட்ராய்டு 7-க்கும் முந்தைய போன் என்றால், புதிய சான்றிதழ்களை அது அடையாளம் காணாமல் போகலாம். வேறு போனிலோ, அருகிலுள்ள இ-சேவை மையத்திலோ வேலையை முடியுங்கள். இரண்டும் சரியாக இருந்தும் எச்சரிக்கை வந்தால், குறை தளத்திலேயே இருக்கலாம். எதுவானாலும் 'பரவாயில்லை, தொடர்' என்று அழுத்தி உள்ளே போய் ஓடிபி மட்டும் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று. பூட்டு அடையாளம் இருந்தால் அரசுத் தளம் என்று அர்த்தமில்லை. கவர் ஒட்டியிருக்கிறது என்பதுதான் அதற்குப் பொருள். கவர் யாருக்குப் போகிறது என்பது வேறு விஷயம். போலித் தளங்களும் இந்தச் சான்றிதழை இலவசமாகவே வாங்கிவிடலாம். முகவரி 'ஜிஓவி டாட் இன்' என்று முடிகிறதா என்று பாருங்கள். அந்த முடிவு அரசு அமைப்புகளுக்கு மட்டுமே தரப்படுகிறது. மின்வாரியம் போலச் சில அரசு நிறுவனங்கள் வேறு முடிவில் தளம் வைத்திருக்கின்றன. அவற்றின் முகவரியைத் துறையின் அதிகாரப்பூர்வ அறிவிப்பைப் பார்த்து நீங்களே தட்டிச் சேமியுங்கள், வாட்ஸ்ஆப்பில் வந்த லிங்க்கிலிருந்து வேண்டாம்.

போலித் தளத்தில் பணம் போய்விட்டால், தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணத்தை நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு உண்டு.