தந்தி கொண்டு வந்த பதவி!

ரோஜாத் தோட்டத்துக்கு ஒரு தந்தி வந்தது.

1861-ம் ஆண்டு பிப்ரவரி மாதம். அமெரிக்காவில் மிசிசிபி ஆற்றங்கரையில் ஒரு பருத்திப் பண்ணை. பண்ணைக்காரரும் அவர் மனைவி வரினாவும் ரோஜாச் செடிகளில் கிளை வெட்டிக் கொண்டிருந்தார்கள்.

தந்தியைப் படித்ததும் அவர் முகம் வாடிவிட்டது. யாருக்கோ ஆபத்து என்று மனைவி பயந்து போனார். சற்று நேரம் கழித்துத்தான் அவர் விஷயத்தைச் சொன்னார். மரண தண்டனையைப் பற்றிச் சொல்வது போல் சொன்னாராம். இதைப் பிற்காலத்தில் வரினாவே எழுதியிருக்கிறார்.

அப்படி என்ன செய்தி? அவரை ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுத்து விட்டார்கள்!

அவர்தான் ஜெபர்சன் டேவிஸ்.

ஆபிரகாம் லிங்கன் தேர்தலில் வென்றதும், அடிமை முறைக்கு ஆபத்து வந்துவிட்டது என்று தென் மாநிலங்கள் பயந்தன. அமெரிக்காவிலிருந்து பிரிந்து தனி அரசு அமைத்தன. அந்த அரசுக்குத்தான் டேவிஸ் தலைவர். அவருடைய பண்ணையிலும் நூற்றுக்கு மேற்பட்ட அடிமைகள் உழைத்தார்கள்.

அவர் ஆசைப்பட்டது வேறு. படை நடத்தத்தான் ஆசை. வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் படித்தவர். மெக்சிகோ யுத்தத்தில் காலில் குண்டு பட்டவர். 4 ஆண்டு யுத்த மந்திரியாகவும் இருந்தவர்.

எல்லாம் தெரிந்தவர்!

அதுவே வினையாகிவிட்டது. ராணுவ விஷயம் தன்னைவிட யாருக்குத் தெரியும் என்று நினைத்தார். சின்னச் சின்னக் காகிதங்களையும் தாமே பார்த்தார். 4 ஆண்டுக்குள் யுத்த மந்திரிகள் 6 பேர் மாறினார்கள். மந்திரி இருந்தென்ன, இல்லாவிட்டால் என்ன!

தளபதி ஜான்ஸ்டன், தமக்குத் தரவேண்டிய அந்தஸ்தைத் தரவில்லை என்று நீண்ட கடிதம் எழுதினார். டேவிஸ் இரண்டொரு வரியில் சூடாகப் பதில் அனுப்பினார். அன்று விழுந்த விரிசல் கடைசிவரை மூடவில்லை. ஊர் பற்றி எரியும்போது வீட்டுக்குள் சண்டை!

பிடிக்காதவர்களிடம் இப்படி என்றால், பிடித்தவர்களிடம் வேறு மாதிரி.

பிராக் என்ற தளபதியை அவருக்குக் கீழே இருந்த அதிகாரிகளுக்கே பிடிக்கவில்லை. மாற்ற வேண்டும் என்று மனுப் போட்டார்கள். 1863 அக்டோபரில் டேவிஸ் முகாமுக்கு நேரில் போனார். அதிகாரிகளை அழைத்து, பிராக்கைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கொண்டே, "இவரைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?" என்ற பாவனையில் கேட்டார். மாப்பிள்ளையை எதிரே வைத்துக் கொண்டு குறை கேட்பது போல! ஆனாலும் அவர்கள் துணிந்து, மாற்றத்தான் வேண்டும் என்றார்கள். டேவிஸ் கேட்கவில்லை. அடுத்த மாதமே சட்டனூகாவில் பிராக்கின் படை தோற்று ஓடியது.

1864 ஜூலையில் ஜான்ஸ்டனை நீக்கினார். ஹூட் என்பவரை நியமித்தார். செப்டம்பரில் அட்லாண்டா நகரம் விழுந்தது.

ரொட்டிக்குக் கலகம்

காகித நோட்டை அச்சடித்துக் குவித்ததால் விலைவாசி தலைக்கு மேல் ஏறியது. 1863 ஏப்ரல் 2-ந் தேதி தலைநகரமான ரிச்மண்டில், பசி பொறுக்காத பெண்கள் கடைகளை உடைத்துப் புகுந்தார்கள். டேவிஸ் ஒரு வண்டி மேல் ஏறி, சட்டைப் பையில் இருந்த காசை எல்லாம் எடுத்து அவர்களை நோக்கி வீசினார். பிறகு, கலைந்து போகாவிட்டால் சுடுவார்கள் என்று எச்சரித்தார்.

கல் மனிதர் அல்ல அவர். நரம்பு வலியால் துடித்தார். ஒரு கண் பார்வை ஏறக்குறையப் போய்விட்டது. 1864-ல் 5 வயது மகன் மாடியிலிருந்து விழுந்து இறந்தான். ஆயினும் பிடிவாதம் மட்டும் குறையவில்லை.

1865 மே 10-ந் தேதி, தப்பி ஓடும் வழியில் ஜார்ஜியாவில் பிடிபட்டார். 2 ஆண்டு சிறை.

அந்த ரோஜாத் தோட்டம் என்ன ஆயிற்று?

அவர் சிறையில் இருக்கும்போதே, 1866-ல், அவருடைய அண்ணன் அந்தப் பண்ணையையும் சேர்த்து விற்றுவிட்டார். வாங்கியவர் பெஞ்சமின் மாண்ட்கோமரி. யார் அவர் தெரியுமா? அதே அண்ணனிடம் முன்பு அடிமையாக இருந்தவர்! பண்ணையைத் திரும்பப் பெற டேவிஸ் பிறகு கோர்ட்டுக்குப் போனார். 1878-ல்தான் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது.