உங்க வீட்டு மாமரம் தண்ணி கேக்குதா, வேண்டாம்ங்குதா?

சேலத்துல ஏப்ரல் மாச மதியம். வாசல்ல நிக்கிற மாங்கன்னு இலையெல்லாம் தொங்கப்போட்டு நிக்குது. பார்த்ததும் மனசு கேக்காம ஹோஸ் பைப்பை எடுத்துட்டு ஓடுறீங்களா? கொஞ்சம் நில்லுங்க. அது தாகமாவும் இருக்கலாம், தண்ணி அதிகமாகி வேர் மூச்சுத் திணறுறதாவும் இருக்கலாம். ரெண்டுக்கும் வெளியில தெரியுற அறிகுறி ஒண்ணுதான்: இலை வாடும்.

வெயில் தாங்காம மதியம் துவண்ட இலை, சாயங்காலம் தானா நிமிர்ந்துட்டா பிரச்னை இல்லை. காலையிலும் வாடியே இருந்தா, மண்ணைத் தோண்டிப் பார்த்தே ஆகணும்.

விரலால் ஒரு டெஸ்ட்

மேல் மண் காஞ்சிருக்கிறதை வச்சு எதையும் முடிவு பண்ணாதீங்க. சேலம், நாமக்கல் வெயிலுக்கு மேல் மண் அரை நாள்லயே காஞ்சிடும். ஒரு குச்சியால அரை அடி ஆழம் கிளறி, அங்கிருந்து மண்ணை எடுத்து உருட்டுங்க. உருண்டை பிடிச்சா இன்னைக்குத் தண்ணீர் தேவையில்லை. பொலபொலன்னு உதிர்ந்தா ஊற்றலாம். செம்மண் சீக்கிரம் காயும். களிமண் பல நாள் ஈரம் பிடிச்சு வைக்கும். அதனால பக்கத்து வீட்டு அட்டவணை உங்க மரத்துக்குப் பொருந்தணும்னு அவசியம் இல்லை.

எங்கே ஊற்றணும்?

பெரும்பாலானவர்கள் செய்யும் தப்பு, அடிமரத்துல நேரா தண்ணீரைப் பீய்ச்சுவதுதான். வளர்ந்த மரத்தில் தண்ணீரை உறிஞ்சும் மெல்லிய வேர்கள் தண்டை ஒட்டி அதிகம் இருக்காது. கிளைகளின் நிழல் விழும் விளிம்பை ஒட்டித்தான் அதிகமா இருக்கும். அடிமரம் எப்பவும் ஈரமாவே இருந்தா பட்டை அழுக ஆரம்பிக்கும்.

அதனால தண்டைச் சுற்றி மண்ணைக் கொஞ்சம் மேடாக அணைச்சு விடுங்க. ஒட்டுக்கன்னா இருந்தா, ஒட்டுப் போட்ட இடம் மண்ணுக்கு மேலேயே இருக்கணும். நிழல் விளிம்பில் வட்டமாகப் பாத்தி கட்டி, அதில் தண்ணீரை மெதுவா விடுங்க. மரம் வளர வளர பாத்தியையும் வெளியே தள்ளிக்கிட்டே போகணும்.

எவ்வளவு? குடம் கணக்கு

நம்ம வீட்டு பிளாஸ்டிக் குடம் சுமாரா 15 லிட்டர் பிடிக்கும். அதையே அளவா வச்சுக்கலாம்.

* முதல் வருஷம்: வெயில் காலத்தில் ரெண்டு, மூணு நாளுக்கு ஒரு குடம்.
* ரெண்டு முதல் நாலு வருஷம்: வாரத்துக்கு ஒரு முறை ரெண்டு, மூணு குடம். தினமும் ஒரு சொம்பு ஊற்றினா மேல் மண் மட்டும்தான் நனையும், வேரும் மேலேயே தங்கிடும். இடைவெளி விட்டு ஆழமா நனைச்சாதான் வேர் கீழே இறங்கும்.
* காய்க்கும் மரம்: பிஞ்சு பட்டாணி அளவுக்கு வந்ததும் ஆரம்பிச்சு, 10 - 15 நாளுக்கு ஒரு முறை பத்து குடமாவது கொடுங்க.

இது ஆரம்பக் கணக்குதான். கடைசி வார்த்தை அந்த மண் உருண்டையோடது.

ஹோஸ்லதான் விடுவீங்களா? ஒரு குடம் நிறைய எத்தனை நிமிஷம் ஆகுதுன்னு மொபைல்ல டைமர் வச்சு ஒரு தடவை பார்த்துக்குங்க. அப்புறம் கணக்கு சுலபம்.

மார்கழியில் பட்டினி போடுங்க

"மரம் நல்லா தளதளன்னு இருக்கு, பூவே வைக்க மாட்டேங்குது"ன்னு புலம்புறவங்க வீட்டுல ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க: மார்கழியில் தண்ணீர் விட்டீங்களா? மாமரம் பூ எடுக்க, அதற்கு முன் ரெண்டு, மூணு மாசம் குளிர்ச்சியும் வறட்சியும் வேணும். அந்த நேரத்துல தண்ணீர் காட்டினா பூவுக்குப் பதிலா புதுத் துளிராகத் தள்ளிடும். அதனால காய்க்கிற வயசுக்கு வந்த மரத்துக்கு, மழை ஓய்ந்ததும் பாசனத்தை நிறுத்திடுங்க. மல்கோவாவோ, சேலம் பெங்களூராவோ, செந்தூராவோ எதுவா இருந்தாலும் இதுதான் வழி. சின்னக் கன்னுக்கு இந்தப் பட்டினி வேண்டாம்.

பிஞ்சு பிடிச்ச பிறகு நிலைமை தலைகீழ். மூணு வாரம் காயப்போட்டுட்டு ஒரே நாள்ல வெள்ளமா விட்டா, பிஞ்சு கொட்டும், காய் வெடிக்கும். சீரா கொடுங்க. அறுவடைக்கு ரெண்டு, மூணு வாரம் முன்னாடி நிறுத்தினா பழம் இனிப்பா இருக்கும்.

எந்தத் தண்ணி?

ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளுற தண்ணியை 'வீணாப் போகுதே'ன்னு மரத்துக்கு விடாதீங்க. அதுல உப்பு செறிவா இருக்கும். மாமரம் உப்பைத் தாங்காது. உப்பான போர் தண்ணீரும் அப்படித்தான். இலை நுனியும் ஓரமும் தீஞ்ச மாதிரி பழுப்பானா உப்பைச் சந்தேகப்படுங்க. ஏ.சி.யில் சொட்டுற தண்ணீரையும் அரிசி கழுவின தண்ணீரையும் தாராளமா விடலாம்.

எல்லாத்தையும் விட நல்லது மழைத் தண்ணீர். ஒரு மில்லிமீட்டர் மழைன்னா ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். கோடை மழை 20 மி.மீ. பெய்ததாக வெதர் ஆப் காட்டினா, தண்டிலிருந்து ரெண்டு மீட்டர் தூரத்துல கட்டின வட்டப் பாத்திக்குள்ள சுமார் 250 லிட்டர் விழுந்திருக்கு. கிட்டத்தட்ட 17 குடம்! லாரித் தண்ணிக்குக் காசு கொடுக்கிற நாள்ல இது சின்ன விஷயமா?

அந்த ஈரத்தைக் காப்பாத்த, உதிர்ந்த மாவிலையை எரிக்காம பாத்தியில் நாலு விரல்கடை உயரத்துக்குப் பரப்புங்க. தண்டை மட்டும் ஒட்ட வேண்டாம். வெயில் மண்ணைத் தொடாது; ரெண்டு தடவை ஊற்ற வேண்டிய இடத்துல ஒரு தடவை போதும்னு நீங்களே பார்ப்பீங்க.

நாளைக்குக் காலையில ஹோஸை எடுக்கும் முன்னாடி, குச்சியை எடுங்க.