காணிக்கையும் ஊர்ப்பங்கும்: ஜாம்கேட் ஊரில் நடந்தது



மிஷன் ஆஸ்பத்திரிகளைத் தாங்கிவரும் சபையார் எங்களிடம் இரண்டு கேள்விகளை அடிக்கடி கேட்பதுண்டு. ஏழைகளுக்கென்றே நாங்கள் காணிக்கை அனுப்பும்போது ஆஸ்பத்திரியில் ஏன் கட்டணம் வாங்குகிறார்கள் என்பது ஒன்று. ஊழியம் செய்ய வந்தவர்கள் பஞ்சாயத்துத் தலைவர் வீட்டுக்கும் கட்சிக்காரர் வீட்டுக்கும் ஏன் நடக்கவேண்டும் என்பது மற்றொன்று. இரண்டையும் கேட்கிறவர்கள் நல்மனதோடுதான் கேட்கிறார்கள். ஆகவே நியாயம் பேசுவதை விட்டு, இவ்விரண்டு கேள்விகளும் ஒரே இடத்தில் சந்தித்த ஓர் ஊரின் வரலாற்றை இம்முறை எழுதுகிறோம்.

அந்த ஊர் மகாராஷ்டிராவிலுள்ள ஜாம்கேட். பழைய அகமத்நகர் மாவட்டத்தின் தென்கோடியில் இருக்கிறது. அந்த மாவட்டத்துக்கு 2024-ல் அஹில்யாநகர் என்று பெயர் மாற்றினார்கள். ராணி அஹில்யாபாய் பிறந்த சோண்டி கிராமம் ஜாம்கேட் தாலுகாவிலேதான் உள்ளது. மாவட்டத்தின் வடபாகத்துக்குக் கால்வாய் உண்டு, கரும்பு உண்டு, கூட்டுறவு சர்க்கரை ஆலைகளும் அவற்றோடு வரும் பணமும் அரசியல் செல்வாக்கும் உண்டு. தென்பாகமோ வானம் பார்த்த பூமி. 1970-ல் அங்கே ஒரு தாய்க்குப் பிரசவம் சிக்கலாகிவிட்டால் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுபது கிலோமீட்டருக்கு மேல் போகவேண்டும்.

அங்கே போனவர்கள் டாக்டர் ரஜனிகாந்த் ஆரோளே, அவர் மனைவி டாக்டர் மேபல். இருவரும் நம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்தவர்கள். 1960களில் அதே மாவட்டத்து வடாலா மிஷன் ஆஸ்பத்திரியில் சில ஆண்டுகள் இரவு பகலாக உழைத்தார்கள். வியாதியஸ்தர் கூட்டம் குறையவேயில்லை. வயிற்றுப்போக்கில் வந்த குழந்தை குணமாகி வீட்டுக்குப் போகும். அதே தண்ணீரைக் குடித்து அதே வியாதியோடு திரும்பி வரும். வந்த நோய்களில் பெரும்பாலானவை வராமலே தடுக்கக்கூடியவை என்று கண்டபோது, தாங்கள் செய்துவந்த வேலையின் மேலேயே அவர்களுக்குக் கேள்வி எழுந்தது.

இந்தக் கேள்வி அவர்களுக்கு மாத்திரம் வந்ததல்ல. உலகத் திருச்சபைகளின் மாமன்றம் 1968-ல் கிறிஸ்தவ மருத்துவ ஆணையம் ஒன்றை ஏற்படுத்தியது. சபைகளின் மருத்துவ ஊழியத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு ஆஸ்பத்திரிச் சுவர்களுக்குள் நடக்கும் சிகிச்சைக்கே போகிறது என்று அப்போது கணக்கிட்டார்கள். செலவோ ஆண்டுக்காண்டு ஏறிற்று. வெளிநாட்டுச் சபைகளின் உதவி அதற்கு ஈடுகொடுக்கவில்லை. காணிக்கை நின்றால் ஆஸ்பத்திரியும் நின்றுவிடும் என்ற நிலை பல இடங்களில் இருந்தது.

ஆரோளே தம்பதியர் அமெரிக்காவுக்குப் போய் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பொது சுகாதாரம் படித்தார்கள். அங்கே ஆசிரியராயிருந்த டாக்டர் கார்ல் டெய்லர் இந்தியாவில் பிறந்த மிஷனெரி பிள்ளை. திரும்பி வந்ததும் அவர்கள் உடனே கட்டடம் கட்டத் தொடங்கவில்லை. தங்களை அழைக்கிற ஊரைத் தேடினார்கள். ஊரார் கேட்காமல் போய் நிற்பதில்லை, தீர்மானங்களில் ஊராருக்குப் பங்கு இருக்கவேண்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்திருந்தார்கள்.

ஜாம்கேட் தலைவர்கள் அழைத்தார்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தது ஆஸ்பத்திரி, அதாவது ஊசி, மருந்து, ஆபரேஷன். நோய்த் தடுப்பைப் பற்றி அவர்களுக்கு அக்கறையில்லை. தம் ஊருக்கு டாக்டர்களை வரவழைத்த பெயரும் அவர்களுக்குக் கிடைக்கும். ஆரோளே தம்பதியர் இதை அறியாதவர்களல்ல. ஆனாலும் தலைவர்களின் ஆசையை அவர்கள் இகழவில்லை. சிகிச்சையில் தொடங்கினால்தான் நம்பிக்கை பிறக்கும் என்று அதையே வாசலாக்கிக்கொண்டார்கள். ஊரார் ஒதுக்கிக் கொடுத்தது பாழடைந்து கிடந்த பழைய மாட்டாஸ்பத்திரிக் கட்டடம். அதில்தான் வேலை தொடங்கிற்று. நிலமும் ஊராரிடமிருந்தே வந்தது. ஆலோசனைக் கமிட்டி ஒன்று அமைந்தது. அதில் ஒரு கட்சிக்கோ ஒரு சாதிக்கோ மாத்திரம் இடமில்லை, எல்லாருக்கும் வைத்தார்கள். சிறிய ஊரின் அரசியலைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஒரு கோஷ்டியின் கையால் ஆஸ்பத்திரி திறந்தால், அடுத்த தேர்தலில் மற்றக் கோஷ்டி அதன் வழியே போவதில்லை.

தலைவர்களிடம் ஏன் போகவேண்டும் என்ற கேள்விக்குப் பதில் ஒருவகையில் எளிது. மகாராஷ்டிராவில் 1962 முதல் கிராம சுகாதாரம் ஜில்லா பரிஷத்தின் பொறுப்பு. தடுப்பூசி மருந்து அரசாங்க ஆரம்ப சுகாதார நிலையத்தின் வழியாக வரவேண்டும். கிணறு தோண்ட இடம் தருவது பஞ்சாயத்து. சாலை போடுவது பஞ்சாயத்து சமிதி. இவர்களைத் தொடாமல் மிஷன் ஆஸ்பத்திரி செய்யக்கூடியது தன் மதிலுக்குள் மாத்திரமே.

ஆனால் தலைவர்களோடு நின்றுவிட்டால் என்ன ஆகும் என்பதையும் ஜாம்கேட் காட்டியது. தலைவர்கள் நிலமுள்ளவர்கள், உயர்ந்த சாதிக்காரர். ஏழைகளுக்காகப் பேசுகிறோம் என்று அவர்கள் சொன்னாலும் ஏழைகள் அவர்கள் முன்னால் உட்காரக்கூட முடியாது. 1972-ல் உச்சத்தை எட்டிய கொடும் பஞ்சத்தில் இது நன்றாய் வெளிப்பட்டது. குடிதண்ணீருக்காக ஆழ்துளைக் கிணறு போட வெளியிலிருந்து உதவி வந்தது. எந்த இடத்தில் தோண்டுவது? உயர்சாதித் தெருவில் தோண்டினால் தாழ்த்தப்பட்ட மக்கள் அதைத் தொட முடியாது. ஆகவே நிலத்தடி நீர் பார்க்கும் நிபுணரிடம் முன்னதாகவே பேசி, முடிந்த இடங்களிலெல்லாம் தலித் மக்கள் குடியிருப்பிலேயே இடம் குறிக்கச் செய்தார்கள். அடிபம்பில் தண்ணீர் வந்தது. தாகம் யாரையும் விடுவதில்லை. மற்றத் தெருப் பெண்களும் குடத்தோடு அங்கே வந்தார்கள். சமாரியப் பெண்ணின் கிணற்றை வேதபாடமாகக் கேட்டு வளர்ந்த நமக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. சிலர் இதைத் தந்திரம் என்பார்கள். தந்திரம்தான், நாங்கள் அதைக் குறையாகச் சொல்லவில்லை.

சாதி பாராமல் வாலிபரை ஒன்றாய் உட்காரவைக்கக் கூட்டம் போட்டால் வரமாட்டார்கள். வாலிபால் போட்டால் வந்தார்கள். விளையாட்டில் தொடங்கிய பழக்கம் உழவர் சங்கங்களாக வளர்ந்தது. அந்தச் சங்கத்தாரே வீடு வீடாய்க் கணக்கெடுத்தார்கள், மரம் நட்டார்கள், தடுப்பணை கட்டினார்கள். பிறகு பெண்களுக்கும் மகளிர் மண்டலங்கள் உண்டாயின. தலைவர் மாறினாலும், கட்சி மாறினாலும் இவை மாறாமலிருந்தன.

கிராமங்களில் வேலை செய்ய முதலில் பயிற்சி பெற்ற நர்ஸ்களை அனுப்பிப் பார்த்தார்கள். அது சரிப்படவில்லை. வெளியூரிலிருந்து வந்த இளம்பெண் தனியாகத் தங்குவது அவளுக்கும் கஷ்டம், ஊராருக்கும் அவள் அந்நியள். அப்போது உள்ளூர்ப் பெண்ணையே பழக்கலாமே என்ற யோசனையைச் சொன்னது ஒரு கிராமத்து சர்பஞ்ச், அதாவது அரசியல்வாதிதான். அப்படித் தெரிந்தெடுக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் எழுதப்படிக்கத் தெரியாத நடுவயதுப் பெண்கள். பலர் தாழ்த்தப்பட்ட சாதியினர். சிலர் கணவனால் கைவிடப்பட்டவர்கள். வாரந்தோறும் ஜாம்கேடுக்கு வந்து தங்கிப் படித்தார்கள். கர்ப்பிணிகளைக் கவனித்தல், சுத்தமாய்ப் பிரசவம் பார்த்தல், குழந்தைகளை எடைபோடுதல், உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் கொடுத்தல் ஆகியவை அவர்கள் கைக்குப் பழகின. 1971-ல் அந்தப் பகுதியில் உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 176 பேர் ஒரு வயதாகுமுன் இறந்தார்கள். 1990களின் நடுவில் அந்த எண்ணிக்கை முப்பதுக்கும் கீழே இறங்கியிருந்தது.

இதே யோசனை அரசியலின் கையில் மாத்திரம் விடப்பட்டபோது நடந்ததையும் சொல்லவேண்டும். இந்திய அரசு 1977 அக்டோபர் 2-ல் கிராமத்துக்கு ஒரு சுகாதாரப் பணியாளர் என்ற திட்டத்தைத் தொடங்கியது. மூன்று மாதப் பயிற்சி, மாதம் ஐம்பது ரூபாய் ஊக்கத்தொகை. ஆளைத் தெரிந்தெடுக்கும் உரிமை ஊருக்கு என்று எழுதியிருந்தது. நடைமுறையில் பல இடங்களில் அது செல்வாக்குள்ளவர்கள் கைக்குப் போயிற்று. தெரிந்தெடுக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். கர்ப்பிணிப் பெண் அவர்களிடம் என்ன சொல்லுவாள்? திட்டம் இரண்டு முறை பெயர் மாறிப் பின்பு மங்கிப்போயிற்று. பெண்களையே வைத்து ஆஷா என்ற பெயரில் புதுத் திட்டம் வர 2005 ஆயிற்று.

இனி பணத்தைப் பற்றி. ஜாம்கேடுக்கு வெளியிலிருந்து உதவி வரவில்லை என்று யாரும் நினைக்கவேண்டாம். கட்டடத்துக்கும், கருவிகளுக்கும், கிணறுகளுக்கும், பஞ்சகால உணவுக்கும் சபைகளும் தர்ம ஸ்தாபனங்களும் தாராளமாய்க் கொடுத்தன. ஆனால் அன்றாடச் செலவை முடிந்தமட்டும் உள்ளூரிலேயே ஈட்டவேண்டும் என்பதை அவர்கள் விதியாக வைத்தார்கள். ஆஸ்பத்திரியில் சிகிச்சைக்குக் கட்டணம் வாங்கினார்கள். குறைந்த கட்டணம்தான், கொடுக்க இயலாதவருக்குச் சலுகையும் உண்டு, ஆனாலும் கட்டணம். அந்த வருமானம் கிராம வேலைக்கும் துணையாயிற்று. பஞ்சகாலத்தில் குழந்தைகளுக்குச் சமைத்துப் போட உணவுப்பொருள் வெளியிலிருந்து வந்தது. சமைத்ததும் பரிமாறியதும் கிராமத்தார். பணமில்லாதவனிடமும் பங்கு கேட்டார்கள், உழைப்பைக் கொடுத்தான்.

இப்படிப் பங்கு கேட்பது கடினமாகத் தோன்றலாம். ஆனால் எல்லாவற்றையும் தூரத்திலிருந்து இலவசமாய்க் கொடுக்கும் ஆஸ்பத்திரியைப் பற்றி ஊரார் என்ன நினைக்கிறார்கள் என்று விசாரித்துப் பாருங்கள். அது மிஷனுடைய ஆஸ்பத்திரி என்பார்கள். ஓடு உடைந்தால் மிஷன் மாற்றவேண்டும், டாக்டர் போய்விட்டால் மிஷன் கொண்டுவரவேண்டும். காணிக்கை குறைந்த வருஷம் அதற்காகப் பஞ்சாயத்தில் வாதாட ஒருவரும் எழும்புவதில்லை. நாங்கள் கண்டவரையில், மூடப்பட்ட மிஷன் ஆஸ்பத்திரிகளில் சில நோயாளிகள் இல்லாமல் மூடப்பட்டவையல்ல. தங்களுடையது என்று சொல்ல ஆள் இல்லாமல் மூடப்பட்டவை.

ஆகவே நீங்கள் அனுப்பும் காணிக்கை அன்றாடச் சம்பளத்தில் கரைந்துபோவதைவிட, பயிற்சிக்கும், தண்ணீருக்கும், கருவிக்கும், மிகவும் ஏழையானவரின் கட்டணத்துக்கும் போவதையே நாங்கள் விரும்புகிறோம். இது எல்லா வருஷமும் கூடிவருவதில்லை என்பதையும் ஒத்துக்கொள்ளுகிறோம். சம்பளம் கொடுக்காமல் நர்ஸ் தங்கமாட்டாள்.

ஆரோளே தம்பதியருக்கு 1979-ல் மகசேசே விருது கிடைத்தது. டாக்டர் மேபல் 1999-லும் டாக்டர் ரஜனிகாந்த் 2011-லும் காலமானார்கள். அவர்களுக்குப் பின் மகள் டாக்டர் ஷோபா ஆரோளே பொறுப்பேற்றார். பல நாடுகளிலிருந்து மருத்துவர்களும் சுகாதாரப் பணியாளர்களும் பயிற்சிக்காக ஜாம்கேடுக்கு வந்தார்கள். பட்டம் பெற்ற அவர்களுக்கு வகுப்பெடுத்தவர்களில், கையெழுத்துப் போடத் தெரியாமல் வேலைக்கு வந்த அந்தக் கிராமத்துப் பெண்களும் உண்டு.